குசினிக்கு இடம் பிடித்தல்

முதலில் அடுப்பு இல்லை.
முதலில் ஒரு பிடி சாம்பல்.
செம்பியன்பற்றுக் கரையில்
வாடிக்குக் கூரை ஏறுமுன்பே
தூவிப் பார்த்தேன்,
விடிய ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா,
பொழுதுபட ஒருக்கா.
சோளகம் அதைக் கடலுக்குக் கொண்டுபோனது.
மத்தியானம் மட்டும் மனம் மாறி
என் முகத்திலேயே எறிந்தது.
"சாம்பலோ அண்ணை இண்டைக்குக் கறி?"
என்று கேட்டான் றெஜினோல்ட்.

போன வருசம் சமைத்தவன்
வாடியின் தென்மேற்கு மூலையில் அடுப்பு வைத்தானாம்.
இரா முழுக்கக் கடலடியில்
அட்டை வேட்டையாடி வந்த பதினான்கு பேர்
பகல் முழுக்கப் புகைக்குள் படுத்தார்கள்.
சோற்றில் மணல்.
மூன்றாம் கிழமை
அவன் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான்.
இதைச் சொல்லும்போது கிறகோரிச் சம்மாட்டி
என் பல்லைப் பார்த்தார்,
அது எத்தனை நாள் தாங்கும் என்று.

நான் கப்பல் குசினியில் பதினொரு வருசம்.
அங்கே தரை ஆடும், சட்டி ஆடக்கூடாது.
ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பினால்
உப்பும் கத்தியும் தண்ணியும் நெருப்பும்
கைக்கு வரவேண்டும்.
வராதது சாமான் இல்லை, பாரம்.

குதிக்காலை மணலில் புதைத்து
கைநீளத்துக்கு ஒரு வட்டம் கீறினேன்.
பூவலில் இருந்து தண்ணி வரும் வழி வலப்பக்கம்.
இடப்பக்கம் ஊமல் ஒரு சாக்கு,
பொச்சு ஒரு சாக்கு,
பற்றவைக்கப் பன்னாடை, கூரைக்குள் செருகி.
அரிசி நீலப் பரலுக்குள்.
மூடியின்மேல் கல், நரிக்காக;
நாய்களோடு பேசித் தீர்க்கலாம்.
கிடுகு மறைப்பைக் கட்டவில்லை,
நான்கு தடிக்கிடையில் செருகினேன்.
காற்று பக்கம் மாறினால்
அதுவும் பக்கம் மாறட்டும்.

அட்டை அவிக்கும் கிடாரம்தான் பெரிய வயிறு.
ஒரு நாள் விறகை ஒரு வாயில் தின்று
மிஞ்சிய சூட்டை வானத்துக்கு ஏப்பம் விடும்.
அந்த ஏப்பத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி,
தகரம் போட்டு மூடி,
என் சுடுதண்ணிப் பானையின் அடிக்குத் திருப்ப
நினைத்தேன்.

முழங்கை ஆழத்தில்
மண்வெட்டி ணங் என்றது.
மூன்று கல்.
மூன்றுக்கும் உள்முகம் கறுப்பு.
இடைவெளியைச் சாணால் அளந்தேன்,
நான் வைக்க நினைத்த அதே இடைவெளி.
பக்கத்தில்
பால்மா ரின் மூடி ஒன்று, கறள் பிடித்து.
எனக்கு முன்பே யாரோ
இந்த இடத்தில் சாம்பல் தூவிப் பார்த்திருக்கிறார்கள்.
எத்தனை பேருக்கு உலை வைத்தார்கள்,
கல்லை விட்டுவிட்டு எந்தப் பக்கம் போனார்கள்?
சம்மாட்டியைப் பார்த்தேன்.
அவர் கயிறு திரிக்கத் தொடங்கினார்,
தேவையில்லாத கயிறு.

கல்லைக் கழுவவில்லை.
வாய்க்காலை ஒரு சாண் வளைத்துக்கொண்டேன்.
அந்த மூன்றின்மேல்தான் முதல் உலை கொதித்தது.

இனிக் கணக்கு.
விடியப்புறம் நாலு மணி.
படகின் ஏரா மணலைத் தட்டும் சத்தம் கேட்டதும்
எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று, இரண்டு,
கால் ஊன்றித் திரும்பி, மூடி திறந்து,
ஐந்து, ஆறு,
ஏழில் முதல் கையில் இஞ்சிப் பிளேன்ரீ.
நடுங்கும் கை. விரல் நுனியெல்லாம் சுருங்கி வெள்ளை.
அடுத்தது, அடுத்தது.
கப்பலில்கூட இத்தனை விரைவாய்
நான் கொடுத்ததில்லை.

பதின்மூன்று கோப்பை போனது.
பதினான்காவது தட்டில் நின்று
ஆவி விட்டது.

டிலக்சன்,
அலை வந்து தொடும் இடத்தில்
காதைப் பொத்தியபடி இருந்தான்.
எழும்ப ஏலவில்லையோ, மனமில்லையோ.
என் வட்டத்தில் எங்கே நின்று நீட்டினாலும்
எட்டாத தூரம்.

நடந்தேன். இருபத்திரண்டு அடி.
மணலில் கொஞ்சம் சிந்தியது.
சோளகம் மிச்சத்தைக் குளிரவைத்தது.
ஒரு கையால் வாங்கி
ஒரு மிடறு குடித்துவிட்டு,
கடலைப் பார்த்தபடியே சொன்னான்:
"சீனி காணாது."

திரும்பிப் போய்
எடுத்து வந்தேன்.