சேராதவை

குன்னூர் பெட்போர்டு பக்கம், பழைய கார் விற்கிற கடையில்
ரெஜினால்டு ஒரு தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தான்.
கூடுதல் வாரண்டி.
இரண்டு வருடம், இல்லையென்றால் இருபதாயிரம் கிலோமீட்டர்,
எது முந்துகிறதோ அது.
பதினோராயிரத்து எண்ணூறு.
"நிம்மதிக்கு இதெல்லாம் ஒரு விலையா மேடம்" என்றான்.
நிம்மதி என்ன விலைக்குப் போகிறதென்று தெரியாமல்தான்
நானும் முழித்துக்கொண்டிருந்தேன்.

கார் நன்றாகத்தான் இருந்தது.
ஒன்பது வயசு, சாம்பல் நிறம்.
முன்பு வைத்திருந்தவர் வெலிங்டனில் பல் டாக்டராம்,
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பாராம்.
எல்லாப் பழைய காரும்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடியவைதான்.
கிளட்ச் மட்டும், காலை ஏறக்குறைய முழுசாக
எடுத்த பிறகே பிடித்தது.
நான் அதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

திருப்பூரிலிருந்து தவசீலன் போனில்:
"எடுத்துரு. போனாப் போகுது."
மெக்கானிக் ரவூப்:
"எடுக்காதீங்கக்கா, அந்தக் காசை என்கிட்ட குடுங்க."
பாதி விளையாட்டு,
பாதி அவர் பிழைப்பு.

முப்பது நாள் யோசிக்கலாம் என்றதால்
காரோடு தாளும் கோத்தகிரிக்கு வந்தது.
கரண்ட் போன ஒரு ராத்திரி, செல்போன் வெளிச்சத்தில்
எறும்பு எழுத்தை எழுத்துக்கூட்டினேன்.
கிளட்ச் தட்டு சேராது.
பிரேக் கட்டை சேராது.
டயர், பேட்டரி, ரப்பரில் ஆன எதுவும் சேராது.
எலி கடித்த ஒயர் சேராது.
காட்டு விலங்கு மோதினால் சேராது
(கேட்டுக்கு வெளியே காட்டெருமை மூச்சு விடுவது கேட்டது).
கடைசி வரி:
மலைப்பாதையில் தொடர்ந்து ஓட்டுவதால் வரும் தேய்மானம் சேராது.

இந்த ஊரில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள
காந்தி மைதானம் ஒன்றுதான் இருக்கிறது.
இரண்டு வருடமும் அதையே சுற்றச் சொல்கிறார்களா?

கோபம் வந்தது.
வந்த வேகத்தில் போயும் விட்டது.
நான் இலை ஃபேக்டரியில் எடை எழுதுகிறவள்.
மழைக்காலத்தில் மூட்டை தராசில் ஏறினதும்
நூற்றுக்குப் பத்து ஈரம் கழிப்பேன்,
சாக்குக்கு ஒரு கிலோ,
முற்றல் இலைக்குத் தனியாக.
அரவேணு லிங்கியம்மா ஒருமுறை கேட்டார்,
"மழை பெஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன் கண்ணு?"
"ரூல்ஸ் அப்படிங்கம்மா" என்றேன்.
தாளைத் திருப்பி வைக்கும்போது ரெஜினால்டு வைத்திருந்தானே,
அதே முகம்.

இருபத்தொன்பதாம் நாள் போய் வேண்டாமென்றேன்.
அவன் வற்புறுத்தவே இல்லை. டீ சொன்னான்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.
போஸ்ட் ஆபீசில் மாதம் ஐந்நூறு கட்டத் தொடங்கினேன்,
பாஸ்புக்கில் என் பெயர்,
மனசில் கிளட்சின் பெயர்.

கிளட்ச் இன்றுவரை ஓடுகிறது.

ஏழாவது வாரம், கட்டபெட்டு தாண்டி,
கேரட் விற்கிறவரிடம் சில்லறை நீட்ட இறக்கிய கண்ணாடி
திரும்ப ஏறவில்லை.
பொத்தானை அமுக்கினால் கதவுக்குள் ஏதோ முனகியது,
பிறகு அதுவும் இல்லை.
ஓரம் கட்டினேன்.
தாள் இன்னும் டேஷ்போர்டில்தான் கிடந்தது.
இரண்டாம் பக்கம், சேர்பவை, நான்காவது:
கண்ணாடி ஏற்றும் மோட்டார்.

அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

"மூவாயிரத்து இருநூறு ஆகும்கா" என்றார் ரவூப்,
இந்த முறை சிரிக்காமல்.
பேசி முடிப்பதற்குள் மூடுபனி ஏறி
பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டது.
சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு
இரண்டாம் கியரில் இறங்கினேன்.
வீட்டு வாசலில் நிறுத்தி
சீட்டைத் தடவிப் பார்த்தேன்.
நூற்றுக்குப் பத்து இருக்கும்,
ஈரம்.