நாள் சம்பளம்

அந்த வருஷம் பெரட்டுக் களத்தில்
சர்க்குலரை வாசித்த கிராணி நான்தான்.
மகரந்தப் பணி இம்மாதக் கடைசியோடு சரி.
மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.
தமிழில் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது.

பதினான்கு பெண்கள்.
முகப்பவுடர் கலந்த பூந்தூளைக் குப்பியில் அடைத்து
முள்ளுக்கு முழங்கையைக் கொடுத்து
செம்பனைப் பாளைக்குள் பீச்சி வந்தவர்கள்.
சம்பளச் சன்னலில் கை நீட்டினால்
சோம்பு வாசம் அடிக்கும்.
ஆண்பூவின் வாசம் அது.

மறுவாரம் ஆராய்ச்சி நிலையத்து வேன்.
டாக்டர் யாப் நல்ல மனிதர்,
சேற்றில் மண்டியிட்டுப் பெட்டியைக் காட்டினார்.
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய வண்டு.
கேமரூனிலிருந்து வந்தது.
வேறு பயிர்களை முன்னால் வைத்துப்
பட்டினி போட்டுப் பார்த்தோம்,
செத்ததே தவிர வாய் வைக்கவில்லை என்றார்.

பவளக்கொடி என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"அதுக்கு நாள் சம்பளம் எவ்வளவுங்க?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.
எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று
கேட்கிறாள் என்றேன்.
அவர் மகிழ்ந்துபோனார்.
ஆணுக்கு இத்தனை, பெண்ணுக்கு இத்தனை என்று
விரல் மடக்கி
வெகுநேரம் விளக்கினார்.
நான் ஒரு வரியில் தமிழாக்கினேன்.
அவள் தலையாட்டினாள்.

பெட்டி திறந்தது.
பாதி வண்டு மரத்துக்குப் போனது.
மீதி அந்தப் பெண்களின் சட்டைக் கைகளில்
வந்து உட்கார்ந்தது.
வாசம் தெரிந்த பிராணி.
தட்டிவிடாமல் நின்றார்கள்.

குலைகள் பருத்தன. பொய் சொல்லக் கூடாது.
ஆலையில் இரண்டாவது ஷிப்ட் வந்தது,
பத்து ஐந்தில் புதிதாக ஒரு நகைக்கடை.
பாம்புக்குப் பயந்து பாளைக்குள் கைவிடும் வேலையை
யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை.
பவளக்கொடி மருந்தடிக்கப் போனாள்,
முதுகில் தோம்பு.
இரண்டு நகம் கழன்றது.
அதற்கு ஒரு வேனும் வரவில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள்,
நிலையத்தின் அடையாள அட்டை கழுத்தில்.
வண்டு குறைகிறதாம், எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
வண்டு வருமுன் உள்ள பதிவு
ஏதாவது இருக்கிறதா அங்கிள்?

செக்ரோலைக் கரையான் தின்றுவிட்டது.
ஒரு கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றேன்.
பேனாவைத் திறந்தாள்.

இந்தத் தடவை
மாற்றாமல் சொன்னேன்.
எழுதினாளா என்று தெரியவில்லை.
தாளில் அதற்கொரு கட்டம்
தேடிக்கொண்டிருந்தாள்.