அனிச்சைச் செயல்

ஐந்தேகாலுக்கு ஜீப்.
பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர்.
மடியில் தூக்குவாளி,
தூக்குவாளி மேல் இன்னொருத்தியின் முழங்கை.
கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில்
கேரளப் போலீஸ்காரர் டார்ச் அடிக்கும்போது
எல்லோரும் கண்ணை மூடியிருப்போம்.
தூங்குகிற பெண்களை யாரும் எண்ணுவதில்லை.

மகள் மோனிஷா பத்தாவது.
பத்தாவது என்றால் வீட்டுக்கே காய்ச்சல்.
டிவி வயரைப் பிடுங்கிப் பரணில் போட்டாயிற்று.
சின்னவன் கிஷோர் கிசுகிசுத்துத்தான் சிரிக்கிறான்.
அவர் திருப்பூரிலிருந்து போனில் கேட்பார்:
"படிக்கிறாளா?"
அவ்வளவுதான் கேட்பார்.

"தனியா முழிச்சிருக்கப் பயமா இருக்கும்மா"
என்றாள் ஜூன் மாதம்.
அன்று எதிரில் உட்கார்ந்தவள்தான்.
ராத்திரி பதினொன்றரை வரை நான்,
நாலு மணிக்கு அலாரம்,
நடுவில் இருப்பதற்குப் பெயர் தூக்கம் என்றார்கள்.

ஏலத்தட்டைக்குள் குனிந்துவிட்டால்
உலகம் முழங்கால் உயரம்.
சரத்தைப் புரட்டி, முற்றியதை மட்டும் கிள்ள வேண்டும்.
பிஞ்சு கலந்தால் கங்காணி
மலையாளத்தில் தொடங்கித் தமிழில் திட்டி முடிப்பார்.
கட்டைவிரலில் ஏறிய கறுப்புப் பிசின்
சீயக்காய்க்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது.
அந்த விரலால்தான் ராங்க் கார்டில் கையெழுத்து.

ஆவணி மழையில் ஒருநாள்
தட்டைகள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்தன.
சாய்ந்தது நான்தானாம்.
செல்லத்தாய் கொங்காடியை விரித்துக் கிடத்தி
உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி புகட்டினாள்.
"கடைசியா எப்படீ சாப்பிட்ட?"
முந்தின நாள் காலையிலிருந்து
யோசிக்க வேண்டியிருந்தது.

காலாண்டில் அறிவியல் முப்பத்தெட்டு.
அரைநாள் கூலியை விட்டுப் போய் நின்றேன்.
சகாயமேரி டீச்சர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் சுட்டது.

அன்று ராத்திரி
சொல்லக்கூடாததைச் சொன்னேன்:
"உனக்காகத்தானடி சாகுறேன்."

அவள் அழவில்லை.
பென்சிலைக் கீழே வைத்தாள்.
"நீ சாகுறதப் பாத்துக்கிட்டே
எப்படிம்மா படிக்கிறது?"

விளக்கை அணைத்தோம்.
காலையில் தட்டிலிருந்த இரண்டு தோசையையும்
எறும்பு சுற்றிவளைத்திருந்தது.

மறுநாள் ஒன்பதரைக்கே பாயை விரித்தேன்,
எதையோ திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
முதுகு மட்டும் கொஞ்ச நேரம் விழித்திருந்தது.
அவள் சத்தம் போட்டுப் படித்தாள்,
தான் இருப்பதை எனக்குச் சொல்வதற்கா,
பயத்துக்குச் சொல்வதற்கா, தெரியாது.
நியூரான்... தண்டுவடம்... அனிச்சைச் செயல்...
அதற்கப்புறம் எனக்கு ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கூலி என்றார்கள்.
போகவில்லை.
தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு
முல்லையாற்றுப் படியில் கால் நனைய உட்கார்ந்தேன்.
என்ன நினைத்தாய் என்றால் சொல்ல ஒன்றுமில்லை.
வாத்துக் கூட்டம் ஒன்று போனது. அதில் ஒன்று நொண்டியது.
திரும்பும் வழியில் பருத்திப்பால் வாங்கினேன்,
எனக்கு மட்டும்.
பாதியில் பிள்ளைகள் முகம் வந்தது.
மீதியையும் குடித்தேன்.

அரையாண்டில் நாற்பத்தொன்று.
இந்த மூன்று மார்க்கை எங்கே வைத்து அழகு பார்ப்பது?
போனில் அவரிடம் சொன்னேன்.
முதல்முறையாக, "நீ சாப்பிட்டியா?" என்றார்.
லைன் சரியில்லை. வேறு யாரையாவது கேட்டிருப்பார்.

விடைத்தாளை மோனிஷாவே விரித்துக் காட்டினாள்.
அனிச்சைச் செயலுக்கு எடுத்துக்காட்டு தருக:
"என் அம்மா தூங்கும்போதும்
அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
ஏலக்காய் கிள்ளிக்கொண்டிருக்கும்."

குறுக்கே சிவப்புக் கோடு.
'இது பழக்கத்தால் வருவது. தவறு.'
பக்கத்தில், ஏனென்று தெரியவில்லை,
அரை மதிப்பெண்.