மறுபடி தேடு

டிவியும் இணையமும் சேர்த்து
பிப்ரவரி பில் நூற்று எண்பத்தாறு டாலர்.
அதில் பெட்டிக்கு வாடகை,
நாங்கள் பார்க்காத கோல்ஃபுக்கும் ஒரு பங்கு,
ஒளிபரப்புக் கட்டணம் என்று இன்னொன்று:
மலைமேல் கோபுரம் சும்மா வீசுகிற அதே படத்தைக்
கம்பியில் கட்டி எங்களிடம் கொண்டுவந்து தருவதற்கு.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

போன் செய்தேன்.
பத்தொன்பது நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு ஒரு பையன், குரலில் ஜலதோஷம்.
ஏன் விலகுகிறீர்கள் என்றான்.
காசு என்றேன்.
நாற்பது குறைக்கிறேன், ஆறு மாதத்துக்கு என்றான்.
அப்படியானால் இத்தனை வருஷம்
அந்த நாற்பது எங்கே இருந்தது என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம்
மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் வரிசை.
எனக்கு முன்னால் நின்றவர்
வயரைச் சுற்றி அதை மார்போடு அணைத்திருந்தார்,
ஊசி போடக் கொண்டுவந்த பூனையைப் போல.
யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆண்டெனா இருபத்திரண்டு டாலர்.
காகிதக் கனம், காகித அளவு.
ஆர்லோ சமையலறை ஜன்னலில் வைத்துப் பிடித்தான்,
படம் வந்தது.
கையை எடுத்தான், போய்விட்டது.
அப்படியே நில் என்றேன்.
முப்பத்தோரு வருஷக் கல்யாணத்தில்
நான் சொன்னபடி அவன் நின்றது
அந்த நாலு நிமிடம்.

பார்க் பாயின்ட் என்பது ஒரு மணல் நாக்கு.
ஒருபுறம் ஏரி, மறுபுறம் துறைமுகம்.
கோபுரங்கள் எதிரே, டுலூத் மலையில்.
நடுவே கால்வாய்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் கடக்கும்போது
செய்தி வாசிப்பவளின் முகம்
சதுரம் சதுரமாக உதிர்ந்து
கப்பலின் வால் போனதும் கூடிக்கொள்ளும்.
ஆயிரம் அடிக் கப்பல் என்றால்
வானிலை அறிக்கை முழுவதும் போச்சு.
ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொள்வோம்.

ஹாக்கி மட்டும் காற்றில் வரவில்லை.
அதற்கு மாதம் இருபது.
ஆர்லோவின் போலீஸ் தொடருக்குப் பதினைந்து.
நான் பாதியில் விட்ட டேனிஷ் கொலைக்கு ஒன்பது.
மற்றதற்கெல்லாம் ஃபார்கோவிலிருந்து
அவன் தங்கை ஜூனிஸ் கடவுச்சொல் கொடுத்தாள்.
திறந்தால், பார்ப்பது யார் என்று கேட்கிறது.
ஜூனிஸ். குழந்தைகள். விருந்தாளி.
நாங்கள் விருந்தாளி.

பழைய பில் வந்த உறையின் முதுகில் கூட்டினேன்.
நாற்பத்து நான்கு. இணையம் எழுபது.
மிச்சம் எழுபத்திரண்டு என்றேன்.
எங்கே அது என்றான்.
வங்கிக் கணக்கைத் திறந்து
இரண்டு பேரும் தேடினோம்.

ஜூன் முதல் வாரம், ஒரு ராத்திரி.
ஏரி இன்னும் பனிக்கட்டி போல,
மேலே காற்று மட்டும் சூடு.
தூக்கம் வராமல் ரிமோட்டில்
மறுபடி தேடு என்பதை அழுத்தினேன்.
முப்பத்தெட்டு இருந்த இடத்தில் முப்பத்தொன்பது.

ஏரிக்கு அந்தக் கரை.
மிச்சிகனில் பெயர் தெரியாத ஓர் ஊர்.
நான்கு டயர் வாங்கினால் ஒன்று பாதி விலை.
மெத்தடிஸ்ட் சர்ச்சில் சனிக்கிழமை மீன் விருந்து.
ஒரு நாயைக் காணோம், பெயர் பிஸ்கட்,
பழுப்பு நிறம், இடது காது வெள்ளை.
அங்கே நாளைக்கு மழையாம்.

யாரும் எங்களுக்கென்று அனுப்பவில்லை.
யாரும் பில் போடவில்லை.
காற்று கைதவறி
தண்ணீருக்கு மேலாகவே கொண்டுவந்து
எங்கள் சமையலறையில் போட்டிருந்தது.
ஆர்லோவை எழுப்பலாமா என்று
கதவு வரை போனேன்.
பாதிக் குறட்டையில் இருந்தான், விட்டுவிட்டேன்.

காலையில் கிளம்பும்முன் மறுபடி அழுத்தினேன்.
முப்பத்தெட்டு.

ஸ்கூல் பஸ்ஸை எடுத்தேன்.
டுலூத்தில் மழை இல்லை.
நடுவே அத்தனை பெரிய ஏரி கிடக்கிறது,
எனக்குத் தெரியாதா.
இருந்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும்,
பிள்ளைகள் ஏறும் வரை,
வேலியோரம் எந்த நாயைக் கண்டாலும்
இடது காதைப் பார்த்தேன்.