வழக்கில் உள்ள மனை

மடிப்பாக்கம், ஏரிக்கரைக்குப் பின் தெரு.
'இந்த மனை விற்பனைக்கு அல்ல':
பலகையில் துரு, வக்கீலின் பழைய எண்.
பதினோரு வருஷ வழக்கில்
சொடக்குத் தக்காளிக்கு வாய்தா இல்லை.

எருக்கை விலக்கி, உடைந்த பாட்டிலைத் தாண்டி
காகிதக் கூடு வெளுத்ததை மட்டும் பறித்தேன்.
பச்சை ஆகாது, வயிற்றைப் பிடிக்கும்.
ஒரு டப்பா நிறைய
நாற்பது நிமிஷம், மூன்று கொசுக்கடி.

வெல்லப்பாகில் போட்டதும்
ஒவ்வொன்றும் டப்பென்று வெடித்து
அடுப்படிச் சுவரெல்லாம் விதை.
கம்பிப் பதம் தவறிவிட்டது. மிட்டாய் இல்லை,
ஒட்டுகிற ஏதோ ஒன்று.

எதிர்வீட்டு செல்வாம்பிகைக்குக் கரண்டியோடு நீட்டினேன்.
"எங்க வாங்கினே?"
சொன்னேன்.
சப்புவதை நிறுத்தினாள்.
"அந்தக் கேஸே நாங்க போட்டதுதான்."

பிறகு கரண்டியைத் திருப்பி
பின்பக்கத்தையும் நக்கினாள்.