ங-வுக்கு அரை மார்க்

அறுபத்திரண்டு பேர்.
நாலு பஸ்ஸர்.
இந்த வகுத்தல் கணக்கைத் தீர்த்தால்
தமிழ் பின்னாலேயே வந்துவிடும் என்று
நம்பித்தான் வாங்கினேன்,
பங்களாதேஷ் மார்க்கெட்டில்,
மிளகாய்ப்பொடிக்கும் சார்ஜருக்கும் நடுவே ஒரு கடையில்.
நூற்றெண்பது ராண்ட். ரசீது கிடையாது.

சிவப்பு, கார் ஹார்ன்.
நீலம், வாத்து.
பச்சை கோயில் மணி என்று கடைக்காரன் சத்தியம் செய்தான்,
கேட்டால் ஐஸ்கிரீம் வண்டி.
மஞ்சள் என்ன சத்தம் என்பதில்
வகுப்பில் இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை.
நாலு வாலும் ஒரு பெட்டிக்குள்,
பெட்டியின் வால் சுவருக்குள்.

சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை என்றால்
பாதிப் பேர் தூக்கத்தை அப்படியே கொண்டுவருவார்கள்.
விதிகள் போகப் போக வந்தவை.
அழுத்திவிட்டு யோசித்தால் ஒரு மார்க் குறையும்:
லெவஷானுக்காக வந்த விதி.
அடுத்த அணியின் பஸ்ஸர்மேல் உட்காரக் கூடாது:
அதுவும் லெவஷான்.
கை வைக்காத ஐம்பத்தெட்டு பேரும்
விடையை நோட்டில் எழுதித் தூக்கிக் காட்டலாம்,
எழுத்து சரியென்றால் அணிக்குக் கால் மார்க்.
அதற்குப் பிறகுதான்
பின்வரிசை சிப்ஸ் பாக்கெட்டை மடித்துவைத்தது.

ஜன்னலைக் காட்டி, "வெளியே என்ன பெய்கிறது?"
வாத்து.
"மலை, மிஸ்!" என்கிறாள் தெஷ்னி.
ஐஸ்கிரீம் வண்டி.
"மளை!"
அழுத்து என்று சொல்ல வராத பிள்ளைகள்
அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

லோட் ஷெட்டிங் அட்டவணையில் பன்னிரண்டு மணி என்று இருந்தது.
பத்துக்கே வந்தது.
ஹார்ன் பாதியில் செத்தது.
கை தூக்குங்கள் என்றேன்.
அறுபத்திரண்டு கை.
மேஜையைத் தட்டுங்கள் என்றேன்.
அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அப்போது மஞ்சள் அணியிலிருந்து ஒரு சத்தம்,
கார்க் கழன்ற பாட்டில் மாதிரி,
ஆனால் வாயிலிருந்து.
ங்கன்யிசோ.
அவன் மொழியில் அது சத்தமில்லையாம், எழுத்து.
கரும்பலகையில் எழுதப்போன என் சாக்பீஸ்
இருநூற்று நாற்பத்தேழையும் தேடிவிட்டு
சும்மா நின்றது.

தமிழ் நின்று, பத்து நிமிடம் ஜூலு நடந்தது.
நாக்கை மேலே ஒட்டு, கீழே இழு, விடு.
"ழ இருக்கிற எடத்துக்குப் பக்கத்திலதான், மிஸ்.
ஆனா அங்கே தங்கக் கூடாது."
சிவப்பு அணிக்குப் பல்லோரச் சத்தம்,
நாம் உச்சுக் கொட்டுவோமே, அது.
நீலத்துக்குக் கன்னத்தின் உள்ளே,
மாடு ஓட்டுகிறவன் செய்வது.
மஞ்சள் கார்க்கை வைத்துக்கொண்டது.
ஜூலுவில் அத்தோடு மூன்றும் தீர்ந்தன.
பச்சை அணி
ஐஸ்கிரீம் வண்டியையே வாயால் பாடியது.

"ங-வில் தொடங்கும் சொல் ஒன்று."
பொறி வைத்த கேள்வி.
என் விடைத்தாளில்: இல்லை, இரண்டு மார்க்.

கார்க்.
"என் பேரு, மிஸ்."

லெவஷான் எழுந்துவிட்டான்.
புள்ளி வைத்த எழுத்து முதலில் வராது,
நீங்கதானே சொன்னீங்க?
இதுவரை அவன் கவனித்ததாக நான் அறிந்த ஒரே பாடம்.
"பேர் ஒரு சொல்லா?" என்றாள் நீலத்தில் யுகேந்திரி.
"பெயர்ச்சொல்!"
பின்வரிசை முழுக்கக் கத்தியது.

அரை மார்க் போட்டேன்.
இலக்கணத்துக்குப் பாதி, பின்வரிசைக்குப் பாதி.

ஜனவரியில் வருகைப் பதிவேட்டில்
'கன்யிசோ' என்று எழுதியிருந்தது என் கைதான்.
முன்னால் ஒரு ங் எப்படி நிற்கும் என்று
நானே கழற்றியிருக்கிறேன்.
எட்டு மாதமாக அந்தப் பெயருக்கு
அவன் உள்ளேன் சொல்லியிருக்கிறான்.
இப்போது சேர்க்க இடமில்லை.
ஓரக் கோட்டைத் தாண்டி எழுதினேன்,
சிவப்பு மையில்; வேறு பேனா கிடைக்கவில்லை.

கரண்ட் வந்தது.
யாரும் தொடாமலே மஞ்சள் கத்தியது.
ஆடு என்கிறான் லெவஷான்.
ஆம்புலன்ஸ் என்கிறது பச்சை.
மீதி அரை மார்க்குக்கு
மஞ்சள் அணி எழுத்து மூலம் மனு கொடுத்திருக்கிறது,
நாலு வரி,
மூன்று பிழை,
ழ எல்லாம் சரி.