நாற்பத்தைந்தா, ஐம்பதா

ஸ்டெம்மைக் கழற்றியதும்
ஹேண்டில்பார் பிரேக் வயர்களில் துவண்டு தொங்குகிறது.
மாரிபோரில் மழை.
கோராஸ்டின் கராஜுக்கு மேலே
யாரோ முட்டைக்கோஸ் வேகவைக்கிறார்கள்.

கடையில் பதினொன்று இருந்தன.
சிவப்பு ஒன்று அழகாக இருந்தது;
அழகு என்பதாலேயே அதைத் தொடவில்லை.
பொய். தொட்டேன்.
விலையைப் பார்த்து வைத்துவிட்டேன்.
வாங்கியது இந்தக் கறுப்பை.
ஃபோர்க்கின் மகுடத்தில் நேரே உட்காரும் வகை.
ஒரு பக்கம் வைத்தால் நாற்பத்தைந்து மில்லிமீட்டர்,
திருப்பி வைத்தால் ஐம்பது.

நான் பல் செய்கிறவள்.
பகல் முழுக்க என் கையில் பிறர் கடைவாய், பீங்கானில்.
கால் மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும்,
திங்கட்கிழமை போன் வரும்:
கடிக்க முடியவில்லை, காதுவரை வலிக்கிறது.
ஆகையால் ஐந்து மில்லிமீட்டர் எல்லாம் ஒரு கணக்கா என்று
என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

குட்டையானது நினைத்தவுடன் திரும்பும்,
நினைக்காதபோதும் திரும்பும்.
நீளமானது நம்மை முன்சக்கரத்தின் மேல் குனியவைக்கும்,
பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் கடன்காரன்போல.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
கோராஸ்டுக்குத் தெரிந்தது அதைவிட அதிகம்;
சொல்வது குறைவு.

கழற்றும் முன்னால் அவன்
முன்சக்கரத்தின்மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தான்.
பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.
"ரெண்டு டிகிரி. இடப்பக்கம்."
எப்போதிலிருந்து?
"நீ எப்போது விழுந்தாய்?"

ஜூன்.
மூன்றாவது வேர்க்கூட்டம், பீச் மரங்களுக்குக் கீழே.
எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஓட்டினேன்.
அன்றிலிருந்து கோடை முழுக்கக் கோணலாக ஓட்டியிருக்கிறேன்.
டயரைக் குற்றம் சொன்னேன், இரண்டு வாங்கினேன்.
வலது தோளைக் குற்றம் சொன்னேன்,
எட்டு முறை பிசியோதெரபி, ஒவ்வொன்றுக்கும் ரசீது.
இடது திருப்பங்களே எனக்கு ஆகாது என்று
இட்ராவோடு சண்டைகூடப் போட்டேன்.

புதியதில் கோணல் போக இடமே இல்லை.
நான்கு போல்ட், நேராக மகுடத்துக்குள்.
குறுக்கும் மறுக்குமாக ஒவ்வொன்றாய் முடுக்கினான்,
அளவு வந்ததும் ரெஞ்சு க்ளிக் என்றது.
ஐந்து நியூட்டன் மீட்டர்.
ஒரு தீப்பெட்டி திறக்கும் சத்தம், அவ்வளவே.

சனிக்கிழமை, பொஹோர்யே, முதல் லிஃப்ட்.
நாற்பத்தைந்து.
நேரான சைக்கிள் கோணலாகத் தெரிந்தது.
செங்குத்தில் பறந்தேன், உண்மை;
கீழே புல்வெளியின் தட்டைத் திருப்பத்தில்
முன்சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போனது.

லிஃப்ட் வாசல் பெஞ்சில் வைத்தே திருப்பிப் போட்டேன்.
ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு பையன்
போல்ட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.
மூன்றைத் தந்தான்.
நான்காவதைத் தர மாட்டேன் என்றான்.
ஒரு ஈரோ கொடுத்து என் போல்ட்டையே வாங்கினேன்.

ஐம்பது.
மேலே பயம்:
நெஞ்சு சரிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
கீழே பிடி:
சக்கரம் புல்லைக் கவ்விய இடத்தில்
மண்ணின் பதத்தை உள்ளங்கை அறிந்தது.
மூன்று வினாடி தாமதம் என்றது கைக்கடிகாரம்.

ஐம்பதையே வைத்துக்கொண்டேன்.
பயம் எனக்குப் பழகிவிடும்.
சொல்லாமல் நழுவுவது பழகாது.

பழைய ஸ்டெம் இப்போது ஆய்வகத்தில் இருக்கிறது,
பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே,
காகிதம் பறக்காமல்.
சைக்கிள் நேராகி ஒன்பது நாள்.
ஒவ்வொரு இடது திருப்பத்துக்கு முன்னும்
வலது தோள் இன்னும் கொஞ்சம் முன்னே போய் நிற்கிறது,
அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலும்.